மூட்டைக் கணக்கு

ஐம்பது கிலோ மூட்டைக்குத்தான்
இவருக்கு அளவு தெரியும்.
உப்பு தொள்ளாயிரம் கிராம்,
ஈஸ்ட் அரைக் கிலோ பாக்கெட் ஒன்று,
தண்ணீர், கை போதுமென்று சொல்கிற வரைக்கும்.
மூணு பேர் சாப்பிட எவ்வளவு மச்சான் என்றால்
குவைத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்கிறார்.

ரிஸ்வானா கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நூறால் வகுத்துத் தருகிறாள்.
அரைக் கிலோ மாவு, ஒன்பது கிராம் உப்பு, அத்தா.
அந்த ஒன்பது கிராமை
உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார்,
பாக்கிச் சில்லறையில்
யாரோ குறைத்துவிட்ட மாதிரி.

சீஸுக்கு நேற்றே ஏற்பாடு.
அக்காவி என்று ஒன்று உண்டாம்,
வெள்ளையாய், உப்புத் தண்ணீரில் ஊறினது.
லெட்சுமாங்குடிக் கடையில் கேட்டதற்கு
அக்கா வீடா, எந்த அக்கா என்றார்கள்.
ரெண்டு லிட்டர் பாலைத் திரித்து
மல்துணியில் இறுக்கிக் கட்டி
கிரைண்டர் குழவியைத் தூக்கி மேலே வைத்தேன்.
விடிந்ததும் எடுத்தால்
குழவி உட்கார்ந்த பள்ளத்தோடு ஒரு கட்டி.
துணைக்கு மன்னார்குடியிலிருந்து
பஸ்ஸில் வியர்த்துக்கொண்டு வந்த
மொஸரெல்லா ஒரு பாக்கெட்.
கருஞ்சீரகம் நாட்டு மருந்துக்கடையில்.
யாருக்குச் சளி என்று கேட்டார்.
ரொட்டிக்கு என்றேன். நம்பவில்லை.

அங்கே மாவு எழ ஒரு மணி நேரமாம்.
இங்கே இருபது நிமிஷத்தில்
சட்டி விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது.
வாய்க்காலில் தண்ணீர் வந்து நாலு நாள்.
சுவரில் வைத்த கை ஈரமாகிற ஆடி.
மாவுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்.

ஆறு உருண்டை.
ஒன்றைத் தட்டி,
பத்து விரல் நுனியாலும்
நடுவிலிருந்து விளிம்புக்குக் குத்திக்கொண்டே போனார்.
பார்த்துக்கொண்டு நின்றேன்.
நிக்காஹ் முடிந்து பன்னிரண்டு வருஷம்.
லீவு லீவாகக் கூட்டினால்
இந்த வீட்டில் இருந்தது பதினேழு மாசம்.
இந்த விரல்களை
எனக்கு அறிமுகம் இல்லை.
யல்லா யல்லா என்றார் மாவிடம்.
பின்னால் வரிசையில்
எத்தனை பேர் நின்றார்களோ.

புது ஓவன் இருநூற்றைம்பதோடு நின்றுகொண்டது.
அவர் கேட்டது நானூறு.
சரி போகட்டும் என்று ரெண்டை உள்ளே தள்ளிக்
கதவை மூடின கையோடு
கரண்ட் போனது.
இருட்டின கண்ணாடியில்
தன் முகத்தையே பார்த்து நின்றார், பாவமாய்.

நகருங்கள் என்றேன்.
தோசைக்கல்லைக் காய வைத்தேன்.
அடி சிவந்தது, மேலே சீஸ் உருகியும் உருகாமலும்.
இன்னொரு கல்லைப் பக்கத்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சி
இடுக்கியால் தூக்கி
ரொட்டிக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் பிடித்தேன்.
கை நடுங்கிற்று.
சீஸ் கொப்பளித்து
அங்கங்கே பழுப்புப் பொட்டு வைத்துக்கொண்டது.
கருஞ்சீரகம் பொரிந்த வாசனையில்
அவர் ஏதோ அரபியில் சொன்னார்.
கெட்ட வார்த்தை இல்லையென்று முகம் சொன்னது.

அப்புறம் எல்லாம் சட்டென்று நடந்தது.
பாதியாய் மடித்தார், பேப்பரில் சுற்றினார்,
அடியைத் திருகி
என் பக்கம் நீட்டினார்,
கண் அடுத்த உருண்டையில் இருந்தது.
பதினோரு வருஷம்
ஜன்னலுக்கு வெளியே நீண்ட கை.

எவ்வளவு என்றேன்.

ருபு தினார் என்றார்.
சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.
நானென்று பார்த்தார்.
காதுமடல் சிவக்க
சட்டியில் எதையோ தேடினார்.

கடித்தேன்.
வாய்க்கும் கைக்கும் நடுவே நூல் நூலாய் இழுபட
பேச முடியாமல்
உப்பு பத்தவில்லை என்று ஜாடை காட்டினேன்.
ரிஸ்வானாவுக்குக் கோபம்.
ஒன்பது கிராம் சரிதான்,
சீஸுக்குள்ளே இருக்கிற உப்பை
யாரும் எனக்குச் சொல்லலை.

ஓவனுக்குள் ரெண்டு
பாதி வெந்தும் வேகாமலும் இருந்தன.
வெளியே மூணு உருண்டை.
மூடியைத் தூக்கிப் பார்த்தேன்,
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
எது எது என்று தெரியாமல்
பெருத்துக்கொண்டிருந்தன.